கல்லுக்குள் அலை

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் பொட்டிப்புரம் இருக்கிறது. மானாவாரிக் காடு, ஆட்டுக் கிடை, ஆடி பிறந்தால் ஆளைத் தள்ளும் காற்று. ஊருக்கு மேற்கே நிற்கும் மலையை அம்பரப்பர் மலை என்கிறார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. மலையின் வயிற்றுக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் குகைப்பாதை குடைய வேண்டும். அதன் கோடியில் 132 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் வெட்ட வேண்டும். அங்கே 50,000 டன் இரும்பை அடுக்கி, நியூட்ரினோ என்ற துகளுக்காகக் காத்திருக்க வேண்டும். திட்டம் இதுதான்.

அதன் பிறகு தேனி மாவட்டத்து டீக்கடைகளில் ஓர் இயற்பியல் சொல் அரசியல் சொல்லாகப் புழங்க ஆரம்பித்தது. சுவரொட்டிகளிலும் ஏறியது. மலையை வெடி வைத்துக் குடைந்தால் வீட்டுச் சுவர் விரியுமா, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுமா, முல்லைப் பெரியாறு அணைக்கும் இடுக்கி அணைக்கும் ஏதாவது ஆகுமா என்று ஊரில் கேட்டார்கள். திட்டத்தை ஆதரித்து வந்த விளக்கங்களில் முதலில் வந்து நின்றது நியூட்ரினோவின் சாதுத்தனம். சூரியனிலிருந்து வினாடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போகின்றன, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கணக்கு சரி. ஆனால் கேட்டவர் நகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சுவரைப் பற்றிக் கேட்டார்.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், இரண்டு பேரும் பேசியது அலைகளைப் பற்றித்தான். ஊர் பேசியது பாறைக்குள் ஓடும் அலையை. ஆய்வகம் பேசியது ஒரு துகளுக்குள் ஓடும் அலையை. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. அந்த இலக்கணத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டால் மலையைப் பற்றிய பாதிச் சண்டை எதைப் பற்றியது என்று விளங்கிவிடும். மீதிப் பாதி வேறு விஷயம், அதற்கும் வருகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. கதிர் வாங்கிய வயலில் மேற்கிலிருந்து காற்று இறங்கும்போது வரப்பில் நின்று பாருங்கள். பச்சையின் மேல் ஒரு மேடு கிளம்பி, வயலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி வருகிறது. ஓடி வந்தது எது? நெல் இல்லை. ஒவ்வொரு தாளும் வேர் விட்ட இடத்திலேயே குனிந்து நிமிர்ந்தது. அந்தக் குனிவுதான் கைமாறிக் கைமாறி வந்தது. பொருள் இருந்த இடத்தில் இருக்க, அசைவும் அதிலுள்ள ஆற்றலும் மட்டும் பயணம் போனால் அது அலை.

அந்த அசைவு எந்தப் பக்கம் நிகழ்கிறது என்பதை வைத்து அலைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இதற்கு ரேஷன் கடை வரிசையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் நிற்பவர் முன்னால் இருப்பவரை ஒரு தள்ளு தள்ளுகிறார். அவர் அடுத்தவர் மேல் சாய்ந்து நிமிர்கிறார், அவர் அதற்கடுத்தவர் மேல். தள்ளு கவுண்டர் வரை போய்ச் சேர்ந்துவிடும். எவருக்கும் இடம் மாறியிருக்காது. அலை போகிற திசையிலேயே ஆட்களும் முன்பின்னாக அசைவதால் இதற்கு நெட்டலை என்று பெயர். ஒலி இந்த வகை. காற்றுத் துகள்கள் ஓரிடத்தில் நெருங்கியும் அடுத்த இடத்தில் நெகிழ்ந்தும் நிற்க, அந்த நெருக்கம் நகர்ந்துகொண்டே போகிறது.

இப்போது அதே கடைசி ஆள் பக்கவாட்டில் ஆடட்டும். முன்னால் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் தோளை ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்தால் மட்டுமே அந்த ஆட்டம் பாம்பு நெளிவது போல முன்னே போகும். இது குறுக்கலை. அசைவு ஒரு பக்கம், பயணம் அதற்குச் செங்குத்தாக. கிணற்றுக் கயிற்றை உதறினால் ஓடுவதும், வீணைத் தந்தியில் ஓடுவதும் இதுதான்.

தோள் பிடித்த வரிசை, பிடிக்காத வரிசை என்ற வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் தண்ணீரும் தோள் பிடிக்காதவை. அவற்றின் உள்ளே நெட்டலை மட்டும் ஓடும். கல்லும் இரும்பும் தோள் பிடித்தவை. அவற்றுக்குள் இரண்டு அலையும் ஓடும். குளத்து நீரின் மேற்பரப்பில் தெரியும் அலை கலப்பு வகை. தக்கையைப் போட்டுப் பார்த்தால் அது மேலும் கீழும் மட்டும் ஆடாமல் சின்ன வட்டம் போடும்.

வேகம் எதைப் பொறுத்தது? கத்திப் பேசினால் சொல் சீக்கிரம் போய்ச் சேராது. அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது அது ஓடும் ஊடகம்; எவ்வளவு விறைப்பு, எவ்வளவு அடர்த்தி என்பதே கணக்கு. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் 1,500 மீட்டருக்கு அருகில், இரும்பில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளத்தில் காதை வைத்து வண்டி வருகிறதா என்று பார்த்த பையன்கள் இந்தப் பாடத்தைப் புத்தகத்துக்கு முன்பே படித்தவர்கள். 2010 கடைசியில் நின்ற அந்தப் பாதையில் 2023-ல்தான் மறுபடியும் போடி வரை ரயில் வந்தது. இன்றைய வண்டி வேகத்துக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பாறைக்குள் போவோம். அம்பரப்பர் மலை சார்னகைட் என்ற கல்லால் ஆனது. கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்திருந்த கல்லைப் பார்த்துத் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. சென்னையை ஒட்டிய பல்லாவரம் மலைகளும் அதே இனம். நெருக்கமான, விறைப்பான கல். இப்படிப்பட்ட கல்லில் நெட்டலை வினாடிக்கு ஆறு கிலோமீட்டருக்கு அருகில் ஓடும், குறுக்கலை மூன்றரைக்கு அருகில். பூமி அதிரும்போது இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் கிளம்பினாலும் ஒன்று முந்திக்கொண்டு வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே வினாடிகளை எண்ணி, மூன்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவோமில்லையா, அதே மாதிரி இரண்டு அலைகளுக்கும் நடுவே ஒரு வினாடி இடைவெளி என்றால் நிலநடுக்கம் பிறந்த இடம் சுமார் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி என்று சொல்லிவிடலாம்.

இந்த இரண்டையும் நிஜமான நிலநடுக்கப் பதிவில் முதலில் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஓல்டாம். 1897 ஜூன் 12-ல் அசாமைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம்தான் அவருக்குக் கிடைத்த பாடம். முதலில் நெட்டலை, பிறகு குறுக்கலை, கடைசியில் தரையின் மேல்தோலில் மட்டும் ஊர்ந்து வரும் மேற்பரப்பு அலை என்று மூன்று வரவுகளை அவர் பிரித்துச் சொன்னார். 1906-ல் இன்னும் ஒருபடி மேலே போய், பூமியின் நடுவில் அலைகளின் போக்கை மாற்றும் தனியான உட்கரு இருக்கிறது என்றார். குறுக்கலை அந்த உட்கருவைத் தாண்டி வருவதில்லை. தோள் பிடிக்காத வரிசை நினைவிருக்கிறதா? வெளி உட்கரு திரவம் என்று 1926-ல் ஹாரல்ட் ஜெஃப்ரீஸ் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த எளிய விஷயம். எவரும் போய்ப் பார்க்காத இடத்தை, வராமல் போன ஓர் அலையை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இனி ஊர் கேட்ட கேள்வி. பாறையில் துளை போட்டு, மருந்தை இட்டு வெடித்தால் அதே மூன்று அலைகளும் சின்ன அளவில் கிளம்பும். உள்ளே ஓடும் இரண்டும் பந்து விரிவது போல எல்லாப் பக்கமும் விரிகின்றன. தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். மேற்பரப்பு அலை வளையம் விரிவது போலத் தரையில் மட்டும் விரிவதால் அதே தூரத்தில் பாதியாகத்தான் குறையும். அதனால் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு மேற்பரப்பு அலைக்கு. ஆழத்தில் வெடித்தால் இந்த அலை குறைவாகவே எழும். அதோடு கெட்டிக் கல்லிலிருந்து இளகிய மண்ணுக்குள் நுழையும்போது அலையின் வேகம் குறைந்து, அசைவின் வீச்சு கூடும். ஒரே வெடிக்குப் பாறை மேல் கட்டிய வீடு சும்மா இருக்க, கரிசல் மேல் கட்டிய வீட்டில் பாத்திரம் கலகலப்பது இதனால்தான்.

வெடியதிர்வை எடை போடும் அளவு, தரையிலுள்ள ஒரு புள்ளி அதிகபட்சம் வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்பது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ல் இதற்கு வரம்பு வகுத்தது. சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் வினாடிக்கு 8-க்குக் கீழே இருந்தால் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை என்றால் 10. 25-க்கு மேல் போனால் 15. மெதுவான ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு கறார்? ஊஞ்சலைத் தள்ளுகிற எவருக்கும் பதில் தெரியும். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் சின்னப் பிள்ளை கூடப் பெரியவரை உச்சிக்கு ஆட்டிவிடலாம். தாளம் தப்பித் தள்ளினால் எத்தனை பலசாலிக்கும் கைதான் வலிக்கும். இதுதான் ஒத்ததிர்வு. ஒன்றிரண்டு மாடி வீடுகளின் சொந்தத் தாளம் வினாடிக்குச் சில தடவையிலிருந்து பத்துப் பதினைந்து தடவை வரை. அதிர்வு அந்தத் தாளத்துக்குக் கிட்டே வந்தால் குறைந்த ஆட்டமே சுவரைப் பிளந்துவிடும்.

வெடி போடுகிறவர்களின் கைவேலை இங்கேதான் வருகிறது. ஐம்பது துளைகளில் மருந்து இட்டாலும் ஐம்பதையும் சேர்ந்தாற்போல் வெடிப்பதில்லை. சில மில்லி வினாடிகள், சில பத்து மில்லி வினாடிகள் என்று இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைக்கிறார்கள். இரண்டு அலைகள் ஓரிடத்தில் சந்தித்தால் அசைவுகள் கூட்டப்படும்; முகடும் முகடும் சேர்ந்தால் இரட்டிப்பு, முகடும் அகடும் சேர்ந்தால் கழிவு. மேற்பொருந்துதல் என்று பள்ளிப் புத்தகம் சொல்வது இதைத்தான். சந்தித்த பிறகு அலைகள் ஒன்றையொன்று கடந்து தத்தம் வழியே போய்விடும். மோதி உடைய அவை கல் இல்லையே. இடைவெளி விடுவதன் நோக்கம் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வது. அதனால் ஊருக்கு வரும் அதிர்வைத் தீர்மானிப்பது மொத்த மருந்தின் எடை இல்லை, ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடை. தூரத்தை அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் துறையில் கணக்குப் போடுகிறார்கள். மருந்தை நான்கு மடங்காக்கினால் ஊர் பாதித் தூரத்துக்கு நெருங்கி வந்த மாதிரி.

பள்ளத்தாக்கில் கல் குவாரி வெடியைக் கேட்டுப் பழகிய ஊர்களுக்கு இது அந்நியமான கணக்கு இல்லை. இத்தனை மருந்து, இத்தனை தூரம், உங்கள் வாசலில் இத்தனை மில்லிமீட்டர், வரம்பு இத்தனை, அளக்கும் கருவியை உங்கள் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று முதல் நாளே தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அணைகள் பற்றிய பயத்தையும் இதே கணக்கில் வைத்து எடைபோட்டிருக்கலாம்.

அலைக் கணக்குக்கு அகப்படாத கேள்விகளும் இருந்தன. கேரளப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. புலிகள் நடமாடும் வழித்தடம் இந்த மலைகளினூடாகப் போகிறது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022-ல் இந்த மலையில் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இதற்கு முன் நீலகிரியில் சிங்காராவைத் தேர்ந்தெடுத்து, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருக்கிறது என்று கைவிட்ட கதையும் உண்டு. புலிக்கு மேற்பொருந்துதல் தத்துவம் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது.

சற்று வடகிழக்கே கண்ணைத் திருப்பினால் பழனி மலைத்தொடர். அதன் உச்சியில் கோடைக்கானல். ஊடகமே தேவைப்படாத அலைகளுக்கு அங்கே இரண்டு முகவரிகள். ஒன்று கோடை பண்பலை, 100.5. மின்புலமும் காந்தப்புலமும் மாறி மாறி ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டு வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் மின்காந்த அலை அது. 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் அதிர்வுகள். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் வந்துவிடும்: ஏறக்குறைய மூன்று மீட்டர். ஒரு வாழை மரத்தின் உயரம். இந்த மூன்று மீட்டர் அலையால் ஒரு மலையைச் சுற்றி வளைந்து வர முடியாது; மலை மறைவில் இருக்கும் ஊரில் பாட்டு கொரகொரக்கும். மதுரை வானொலியின் மத்திய அலை இருநூறு மீட்டருக்கு மேல் நீளம். அது தடையின் விளிம்பில் வளைந்து மறைவுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். விளிம்பு விளைவு என்பது இவ்வளவுதான். அலைநீளமும் தடையின் அளவும் ஒன்றுக்கொன்று எப்படி என்பதே முழுக் கணக்கும். கதவு மறைவிலிருந்து பேச்சு கேட்கிறது, ஆள் தெரியவில்லை என்பதும் இதே கதை.

இன்னொரு முகவரி சூரிய ஆய்வகம். 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தார். புள்ளியின் ஒரு பக்கத்து ஒளி கொஞ்சம் நீலத்தை நோக்கியும் மறுபக்கத்து ஒளி கொஞ்சம் சிவப்பை நோக்கியும் விலகியிருந்தது. ஆரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்து போகும் கம்பம் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வரும்போது சத்தம் கீச்சென்று, கடந்ததும் சட்டென்று தணிந்து. அலையைக் கிளப்புவது நம்மை நோக்கி வந்தால் முகடுகள் நெருங்கி விழும், விலகிப் போனால் தள்ளித் தள்ளி விழும். டாப்ளர் விளைவு. எவர்ஷெட் அதைக் கொண்டு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுகிறது என்று கண்டார். எவர்ஷெட் விளைவு என்று அதற்கு இன்றும் அவர் பெயர்தான்.

இனி துகளுக்குள் ஓடும் அலைக்கு வருவோம். அதற்குப் போகும் வழி பண்ணைப்புரம் வழியாக. பொட்டிப்புரத்திலிருந்து அதிக தூரமில்லை. பாவலர் வரதராஜனும் தம்பிகளும் மேடை மேடையாக ஆர்மோனியத்தோடு போன ஊர், இளையராஜாவின் ஊர். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இரண்டு ரீடுகள் சேர்ந்து பேசும்படி அமைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஒன்று வினாடிக்கு 440 தடவையும் மற்றது 442 தடவையும் அதிர்ந்தால்? காதுக்கு இரண்டு சுருதி கேட்காது. ஒரே நாதம் வீங்கித் தணிந்து, வீங்கித் தணிந்து, வினாடிக்கு இரண்டு முறை அலைபாயும். முதலில் முகடும் முகடும் சேர்கின்றன, ஓசை கூடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று பிந்திப் போய், முகடும் அகடும் எதிரெதிரே வந்து, ஓசை குன்றுகிறது. இன்னும் பிந்தினால் மறுபடியும் முகடு மேல் முகடு. இதற்கு விம்மல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுருதி சேர்க்கிறவர் கவனிப்பது இந்த விம்மலை. விம்மல் மெதுவாகி, நீண்டு, நின்றுபோனால் சேர்ந்துவிட்டது என்று கையை எடுப்பார். இரண்டு ரீடுகளின் வித்தியாசத்தைத் தனித்தனியே அளந்தால் பிடிபடாது. விம்மலை எண்ணினால் பிடிபடும்.

1924-ல் லூயி டி பிராய் எல்லாத் துகளுக்கும் ஓர் அலை உண்டு என்றார். மூன்றே ஆண்டில் எலெக்ட்ரான்களைப் படிகத்தின் மேல் பாய்ச்சி, அலைக்கு மட்டுமே உரிய முகடு-அகடு கோலத்தைப் பார்த்துவிட்டார்கள். நியூட்ரினோவுக்கும் அப்படி அலை உண்டு. ஆனால் இதற்கு ஒரு விசேஷம். எலெக்ட்ரான் வகை, மியூவான் வகை, டௌ வகை என்று நியூட்ரினோ மூன்று வகையாகப் பிறக்கிறது. ஒவ்வொரு வகையும் மூன்று வெவ்வேறு நிறையுள்ள அலைகளின் கலவை. ஒரே கட்டையில் மூன்று ரீடு. நிறை கொஞ்சம் வேறாக இருப்பதால் மூன்றின் தாளமும் கொஞ்சம் வேறு. புறப்படும்போது முகடுகள் ஒரு விதமாகச் சேர்ந்து மியூவான் வகையாகத் தோன்றுகின்றன. போகப் போக ஒன்று பிந்துகிறது. கலவை மாறி, டௌ வகையாகி, இன்னும் போனால் மறுபடி மியூவான் வகை. நியூட்ரினோ அலைவு என்பது ஒரு விம்மல். புரூனோ பொன்டெகோர்வோ 1957-ல் இந்த யோசனைக்கு வித்திட்டார். நிறை சுத்தமாகப் பூஜ்யம் என்றால் தாள வித்தியாசம் இராது, விம்மலும் இராது. ஆகவே விம்மலைக் கண்டால் நிறை உண்டு என்று பொருள்.

கண்டது 1998-ல், ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில், 50,000 டன் தண்ணீர்த் தொட்டியில். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தலைக்கு மேல் பதினைந்து இருபது கிலோமீட்டர் உயரத்தில் காற்றை இடித்து நியூட்ரினோக்களை உண்டாக்குகின்றன. பூமியின் எல்லா மூலையிலும் இது நடக்கிறது. மேலிருந்து வருகிறவை இருபது கிலோமீட்டர் பயணம்; கீழிருந்து பூமியைத் துளைத்து வருகிறவை கிட்டத்தட்ட 12,700 கிலோமீட்டர். பொட்டிப்புரத்துக்கு நேர்கீழே, பூமியின் மறுபுறத்தில், பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடல் இருக்கிறது. அங்கே பிறந்தவை பாதத்தின் வழியாக ஏறி வரும். இந்த நியூட்ரினோக்களின் ஆற்றலில் ஒரு விம்மலுக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் தேவை. மேலிருந்து வருகிறவற்றுக்கு மாற நேரம் போதாது. கீழிருந்து வருகிறவை பலமுறை மாறி மாறி, சராசரியில் பாதி காணாமல் போயிருக்கும். காணாமல்தான் போயிருந்தன. தகாகி கஜிதாவுக்கும், கனடாவில் சூரிய நியூட்ரினோக்கள் வகை மாறுவதைக் காட்டிய ஆர்தர் மெக்டானல்டுக்கும் 2015-ல் நோபல் பரிசு. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பொட்டிப்புரத்துக்கு ஒப்புதல் வந்தது.

இந்தத் துறையில் இந்தியா பின்வரிசைக்காரன் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலானோர் ஜப்பானிய, பிரிட்டிஷ் நண்பர்களோடு சேர்ந்து 1965-ல் காற்றுமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலில் அதைக் கண்ட இரு குழுக்களில் ஒன்று அவர்களுடையது. மற்றது தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில். ஆழம் ஏன் என்றால், தரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஒன்று வீதம் மியூவான் என்ற துகள் வந்து விழுகிறது. அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் நியூட்ரினோவின் அரிதான அடையாளம் அமுங்கிப் போகும். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தால் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். அம்பரப்பர் மலையைக் கேட்டதன் முழுக் காரணமும் அதுதான்: நாற்புறமும் ஆயிரம் மீட்டர் கெட்டிக் கல் குடை.

அந்தக் குடைக்குக் கீழே வைக்க நினைத்தது, 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகளை 150 அடுக்குகளுக்கு மேல் அடுக்கி, நடுநடுவே ஏறக்குறைய 30,000 கண்ணாடி உணர்கருவிகளைச் செருகிய ஒரு காந்தம். நியூட்ரினோவின் அந்த மூன்று அலைகளில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசை இன்னும் தீரவில்லை. அதைக் கண்டுபிடிக்க அந்தக் காந்தம் நம்பியது பூமியை. ஒளி கண்ணாடிக்குள் நுழைந்தால் வேகம் குறைந்து விலகுகிறது. முழுக்க முழுக்க அலைக்குணம். நியூட்ரினோவுக்கும் கல் ஒரு கண்ணாடி. எலெக்ட்ரான் வகையை மட்டும் பாறையிலுள்ள எலெக்ட்ரான்கள் மிக மிகக் கொஞ்சமாகப் பிந்த வைக்கின்றன. ஒரு மலையைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பூமியைத் தாண்டினால் பிந்தல் சேர்ந்து சேர்ந்து விம்மலின் தாளமே மாறிவிடும். நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் இந்த மாற்றம் எதிரெதிர். காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சீனாவில் ஜியாங்மென் அருகே நிலத்தடியில் 20,000 டன் ஒளிர்திரவத்தோடு அமைத்த ஜூனோ என்ற உணர்கருவி 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. அணு உலைகளிலிருந்து 53 கிலோமீட்டர் தள்ளி நின்று, விம்மலுக்குள் விம்மலை எண்ணி, அதே வரிசையைத் தேடுகிறது. பொட்டிப்புரத்துக்கு நினைத்த காந்தத்துக்கோ, மதுரையில் 85 டன்னில் ஒரு சின்ன மாதிரி அமைத்தார்கள். தரைக்கு மேல் இருப்பதால் அது பார்ப்பது மியூவான்களை.

பொட்டிப்புரத்தில் மலை மலையாகவே இருக்கிறது. பகலில் சூரிய நியூட்ரினோக்கள் உச்சந்தலை வழியாக இறங்குகின்றன. இரவில் சூரியன் காலுக்குக் கீழே போய்விடும்; அதே 6,500 கோடி, பாயையும் திண்ணையையும் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும். எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. வகையில் கொஞ்சம் உண்டு. இரவில் பூமியைக் கடந்து வருகிறவற்றில், வழியில் கல் பிந்த வைத்ததால், எலெக்ட்ரான் வகைக்குத் திரும்பியவை கொஞ்சம் கூடுதல். சூப்பர் காமியோகாண்டேக்காரர்கள் பல ஆண்டுத் தரவைக் கூட்டிப் பார்த்து 2014-ல் சொன்ன கணக்கு: பகலை விட இரவில் சுமார் மூன்று சதவீதம் அதிகம்.